கிழக்கு வரிசையில் எட்டுக் கட்டில்கள்

பாசோ ரெமான்சோ,
10 மே 1987

அன்புள்ள தமாரா,

இங்கே நலம். நீ ஹைஃபாவில் நலமாக இருப்பதை உன் அம்மாவுக்கு வந்த கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். எனக்குத் தனியாக நாலு வரி எழுதினால் உன் கை ஒடிந்துவிடாது.

ஒரு செய்தி. என்னை முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் போட்டுவிட்டார்கள். சிரிக்காதே. ஒன்பது இடம், ஒன்பது பெயர், எல்லோரும் கை தட்டினார்கள், தேர்தல் முடிந்தது. குழுவில் மற்ற எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். அரிசி ஆலையில் பாய்லரோடு மாரடிக்கிற ஒருத்தன் வேண்டும் என்று டான் மௌரீசியோவுக்குத் தோன்றியிருக்கிறது. அவர்தான் இன்னும் தலைவர்.

முதல் கூட்டம் ஆறு மணிக்கு என்றார்கள். ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தார்கள். நன்கொடை கொடுத்தவர் பெயர்ப் பலகையை எந்தச் சுவரில் மாட்டுவது என்று ஒரு மணி நேரம். அதைவிட வேடிக்கை ஓட்டெடுப்பு. தீர்மானம் பிடிக்காதவர் எதிர்த்துக் கை தூக்குவதில்லை. 'ஒரு சிகரெட் புடிச்சிட்டு வந்துடறேன்' என்று முற்றத்துக்குப் போய்விடுகிறார். மிச்சமிருப்பவர்கள் கை தூக்குகிறார்கள். செயலாளர் எல்சா 'ஏகமனதாக' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு ஜன்னலைத் தட்டி அவரை உள்ளே கூப்பிடுகிறாள். பல் டாக்டர் காட்ஸ் வாழ்நாளில் புகை பிடித்தவர் இல்லை. கூட்டத்துக்கென்றே பையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்.

காரணம் உனக்கே தெரியும். முப்பத்தெட்டில் கசாப்புக்காரர் ஒருவர் நம் மத விதிப்படி அறுக்கிறாரா என்று வந்த சண்டை. நாற்பது யூதக் குடும்பத்துக்கு இரண்டு ஜெபக்கூடம், இரண்டு இடுகாடு. உன் தாத்தா அந்தப் பக்கம், என் தாத்தா இந்தப் பக்கம். மறுபடி ஒன்று சேர்ந்தபோது, இனி நம் குறிப்பேட்டில் 'எதிராக' என்ற வார்த்தையே வரக் கூடாது என்று சத்தியம் செய்தார்களாம். ஒரே ஒரு நிபந்தனை: அறையில் ஆறு பேராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. அதனால் சிகரெட்டுக்குக் கிளம்புகிறவர் முதலில் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். பொறியியலில் இதற்கு ஒரு பெயரும் கிடையாது.

உன் அம்மாவைக் கிழக்கு வரிசைக்கு மாற்றியிருக்கிறார்கள், எட்டுக் கட்டிலில் மூன்றாவது. வெயில் நன்றாக விழுகிறது. என்னைப் பார்த்ததும், "வாடா கமிட்டி மெம்பரே! சூப்புல உப்புப் போடச் சொல்லி ஒரு தீர்மானம் போடு பாப்போம்" என்றாள். காலையில் தலை வலிக்கிறதாம். பக்கத்துக் கட்டில் ரோசா பூசிக்கொள்கிற சென்ட்டால்தான் என்கிறாள்.

உன்,
உரியேல்

—

ஹைஃபா,
30 மே 1987

டேய் உரி,

கை ஒடியவில்லை, இதோ எழுதுகிறேன். மருத்துவமனையில் இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தி பார்க்கிறேன், அதற்குமேல் சாக்குச் சொல்ல மாட்டேன்.

உன் கூட்டத்தைப் பற்றிப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் நீ வேடிக்கை பார்க்கப் போனவன் இல்லை என்று நினைக்கிறேன்.

அம்மாவின் தலைவலி எனக்குப் பிடிக்கவில்லை. அவள் தலைவலிக்காரி இல்லை. எனக்கு எழுதியதில், எழுந்ததும் வலிக்கிறது, தோட்டத்தில் கால் மணி நடந்தால் விட்டுவிடுகிறது என்கிறாள். ரோசாவுக்கும் அப்படியேவாம். நான் நர்ஸ். ரோசாவின் சென்ட்டை நான் நம்பவில்லை. அந்தப் பழைய பாய்லரின் புகைக்குழாய் எந்தச் சுவர் வழியாகப் போகிறது? போய்ப் பார். அங்கே இப்போதுதான் குளிர்காலம் வருகிறது, இன்னும் ஏற்றி எரிப்பார்கள்.

அம்மாவை அந்த வாசலில் இறக்கிவிட்டு விமானம் ஏறியவள் நான். "போடி, இங்க எனக்குச் சீட்டாட ஆள் இருக்கு" என்று சொல்லித்தான் அனுப்பினாள். நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நானும் போனேன். அவளைப் பார்த்துக்கொள். உன்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

தமாரா

—

பாசோ ரெமான்சோ,
2 ஜூலை 1987

அன்புள்ள தமாரா,

நீ சொன்னது சரி. ஆலையிலிருந்து கருவியைக் கொண்டுபோய் அளந்தேன். புகைக்குழாய் கிழக்கு வரிசைச் சுவருக்குள்ளேதான் ஏறுகிறது. இரண்டு இடத்தில் விரிசல். விடியற்காலையில் அங்கே கார்பன் மோனாக்சைடு இருக்கவே கூடாத அளவில் இருக்கிறது. ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். "தம்பி, அறிக்கைன்னா ஒரு கூட்டத்துல படிக்கணும், அடுத்த கூட்டத்துல முடிவெடுக்கணும், அதான் முறை" என்றார்கள். பதினைந்து நாள் போனது.

அந்த அடுத்த கூட்டம் இன்று. துணைத் தலைவர் கண் ஆபரேஷனுக்குப் புவெனோஸ் ஐரஸ் போயிருக்கிறார், இரண்டு பேர் ஜுரம். சரியாக ஆறு பேர் இருந்தோம். நான் நேராகச் சொன்னேன்: பாய்லரை இன்றே அணைக்க வேண்டும், இல்லத்தை மூடி முப்பத்தோரு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டும், குழாயை இடித்துக் கட்ட வேண்டும்.

மெத்தைக் கடை பாலெர்மான் குதித்தார். "ஜூலைக் குளிர்ல பாய்லர நிறுத்தவா? வெஷ வாயுல சாகலன்னா வெறச்சுச் சாவாங்க!" அவருக்கும் எனக்கும் முக்கால் மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் டான் மௌரீசியோ ஒரு ஒட்டு வேலையை எடுத்துக்கொண்டு வந்தார்: கிழக்கு வரிசையின் எட்டுக் கட்டிலை மட்டும் இன்றைக்கே சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றிவிடலாம், பாய்லர் ஓடட்டும், மற்றதை அடுத்த கூட்டத்தில் பேசலாம். எல்லோர் முகத்திலும் நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு ஒப்புக்கொண்டால் அந்த எட்டுக் கட்டிலும் அடுத்த வருஷம்வரை சாப்பாட்டுக் கூடத்திலேயே கிடக்கும், பாய்லரை யாரும் தொட மாட்டார்கள். இவர்களை எனக்குத் தெரியும்.

நான் எழுந்தேன். டான் மௌரீசியோ கெஞ்சினார்: "உக்காருப்பா. நீ போனா அஞ்சு பேருதான்." தெரியும் என்றேன். தெரிந்துதான் எழுந்தேன். முழு வேலை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டேன். எல்சா தெருவரைக்கும் ஓடி வந்து கத்தினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் உட்கார்ந்து யோசிக்கட்டும். இந்தக் குழுவில் இதுவரை யாரும் இப்படிச் செய்ததில்லையாம். அடுத்த கூட்டத்தில் முழுசாக வழிக்கு வருவார்கள், பார். நீ கவலைப்படாதே. அம்மாவிடம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். "பல்லு தந்தி அடிக்குதுடா" என்று திட்டினாள்.

உன்,
உரியேல்

—

ஹைஃபா,
22 ஜூலை 1987

உரியேல்,

எட்டாம் தேதி எல்சா தொலைபேசியில் கூப்பிட்டாள். காலையில் காபி கொண்டுபோன பெண்தான் முதலில் பார்த்தாளாம். ஜன்னல் மூடியிருந்ததாம். அம்மாவும் ரோசாவும். மற்ற ஆறு பேரும் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாளே அடக்கம். நான் போய்ச் சேர விமானம் இல்லை. இங்கே ஏழு நாள் துக்கம் காத்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஏழு நாளும் நீ கூப்பிடுவாய் என்று பார்த்தேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. 2 ஜூலை என்று தேதி போட்டது. கவலைப்படாதே என்று எழுதியிருந்தாய்.

நாலு தடவை படித்தேன். ஒரே ஒரு கேள்வி. நீ அன்றைக்கு உட்கார்ந்திருந்தால், எட்டாம் தேதி காலையில் அம்மாவின் கட்டில் எங்கே இருந்திருக்கும்?

தமாரா

—

பாசோ ரெமான்சோ,
9 ஆகஸ்ட் 1987

தமாரா,

உனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். குழாயின் விட்டம், விரிசலின் அகலம், ஏழாம் தேதி விழுந்த உறைபனி, அன்று பாய்லரை எவ்வளவு ஏற்றினார்கள், எல்லாம் படம் போட்டு நாலு பக்கம். நீ கேட்டது அதில் இல்லை. கிழித்துப் போட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் இருந்திருக்கும். அடுப்படிச் சுவருக்குப் பக்கத்தில். பிறகு போய் அந்தக் கூடத்தையும் அளந்தேன். காற்று சுத்தமாக இருக்கிறது.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நான் கிளம்பிய மறுநாள் டான் மௌரீசியோவின் தம்பி ரொஸாரியோவில் இறந்துபோனார். அவர் அங்கே போய்த் துக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். துக்க வீட்டுக்கு யார் குழு விஷயத்தைக் கொண்டுபோவார்கள்? அவசரக் கூட்டம் கூட்டத் தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் இல்லை. எல்சா ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். "அன்னிக்கு வந்த ஆறு பேரும் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா கூட்டம் மாதிரி செல்லும். நீ போடுடா, நான் போடறேன், மத்த மூணு பேருகிட்டயும் வாங்கிடறேன், டான் மௌரீசியோ வாசல்ல நின்னு அழுதாவது ஆறாவதையும் வாங்கிட்டு வரேன். கட்டிலயாவது நகத்திடலாம்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாய்லரையும் சேர்த்து எழுதினா போடறேன்." அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இது ஐந்தாம் தேதி.

கட்டிலைத் தள்ள எனக்கு யார் அனுமதியும் தேவையில்லை. சக்கரம் வைத்த கட்டில்கள். நானும் ஒரு வேலையாளும் இருந்தால் எட்டையும் அரை மணி நேரத்தில் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. மாற்றிவிட்டால் அவர்களுக்கு அவசரம் போய்விடும் என்று நினைத்தேன். அவசரம் இருக்கட்டும் என்று விட்டேன்.

அதனால்தான் தொலைபேசியை எடுக்கவில்லை.

பாய்லரை அணைத்துவிட்டார்கள். பதினாறாம் தேதிக் கூட்டத்தில், ஏகமனதாக. எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது. நான் கேட்டது எல்லாமே நடந்துவிட்டது.

என்னை மன்னிக்க வேண்டும், தமாரா.

உரியேல்

—

ஹைஃபா,
27 ஆகஸ்ட் 1987

உரியேல்,

என்னிடம் கேட்காதே. அது என்னுடையது இல்லை, நான் கொடுப்பதற்கு. உனக்கு முறை தெரியும். தெரியாவிட்டால் எல்சாவிடம் கேள். இறந்துபோனவளுக்குத் தீங்கு செய்தவன் பத்து ஆண்களை அழைத்துக்கொண்டு அவள் குழிக்குப் போக வேண்டும். செருப்பில்லாமல் நிற்க வேண்டும். 'இஸ்ரவேலின் கர்த்தருக்கும், இங்கே கிடக்கிற ஃபானிக்கும் எதிராகப் பாவம் செய்தேன்' என்று சொல்ல வேண்டும். என்ன செய்தாய் என்பதையும் பத்து பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். மன்னித்தோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

பாவமன்னிப்பு உபவாச நாளுக்கு முன் செய். செய்து முடிக்கும்வரை எனக்கு எழுதாதே.

தமாரா

—

பாசோ ரெமான்சோ,
28 செப்டம்பர் 1987

தமாரா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை இடுகாட்டுக்குப் போனோம்.

ஒரு வாரமாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். இந்த ஊரில் இப்போது நம் ஆட்களில் வயது வந்த ஆண்கள் என்னோடு பதினான்கு பேர். பாலெர்மான் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "வேணாம்டா. நீ வாயத் தொறந்தா, கமிட்டிக்கு முன்னாடியே தெரியும்னு ஆயிடும். வக்கீல் சொல்லிட்டார், யாரும் போகக் கூடாதுன்னு." அவர் மகன்கள் இருவரும் அவர் பேச்சைத் தாண்ட மாட்டார்கள். ஜுரம் என்று அன்று கூட்டத்துக்கு வராத இரண்டு பேரில் ஒருவர் வருகிறேன் என்றார். இன்னொருவர், தையல்கார லீபோ, கதவைத் திறந்து என்னைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்தார். "எனக்கு ஜுரமே இல்லடா. அன்னிக்கு ரேடியோல கால்பந்து இருந்துச்சு. நான் வந்திருந்தா நீ போனப்புறமும் ஆறு பேரு இருந்திருப்போம். ஃபானி முன்னாடி நான் எப்படிடா நிப்பேன்?" எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. மிச்சமிருந்தவர்களில் ஒருவர் படுக்கையில்.

மூன்று மணிக்கு, வருகிறேன் என்ற எல்லோரும் குழியருகே வந்தார்கள். டான் மௌரீசியோ கைத்தடியோடு வந்தார். வக்கீல் சொன்னது அவருக்கும்தான். பல் டாக்டர் காட்ஸ் வந்தார். எல்சா யாரும் அழைக்காமலே வந்து பின்னால் நின்றாள். நான் ஷூவையும் காலுறையையும் கழற்றி வைத்தேன். டான் மௌரீசியோ நம் வழக்கப்படி விரல் நீட்டாமல், எண் சொல்லாமல் ஆள் எண்ண, பத்து வார்த்தை வசனத்தை ஆளுக்கொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு வார்த்தை, தனக்கு ஒரு வார்த்தை. அப்படியும் கடைசி வார்த்தைக்கு ஆள் இல்லை.

"முப்பத்தோரு வருஷமா இந்த ஊருக்கே தலை எண்ணிக் குடுக்கறவ நான்" என்றாள் எல்சா. "அந்த ரூம்ல ஆறுல ஒண்ணு நான். இங்க நான் ஒண்ணுமில்ல, அப்படித்தான?" டான் மௌரீசியோ தலையைக் குனிந்துகொண்டார்.

லீபோ மனசு மாறி வருவார் என்று காத்திருந்தோம். நாலு மணி, ஐந்து மணி. மழை தூறியது. யாரும் புகை பிடிக்கப் போகவில்லை, உட்காரவும் இல்லை. ஆறு மணிக்குக் காவல்காரன் சாவிக்கொத்தோடு வந்து நின்றான். அப்போதும் முதலில் நகர யாருக்கும் மனமில்லை. அவனே ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு அனுப்பினான்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும் செல்லாது.

திரும்பி வரும்போது காட்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்குப் பத்து பேருன்னு எழுதிடுடா. அவளுக்கும் ஆறுதலா இருக்கும். ஹைஃபாலேர்ந்து யாரு வந்து எண்ணப் போறாங்க?" அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இந்த ஊரில் ஐம்பது வருஷமாக எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதிவந்திருக்கிறோம்.

செய்து முடிக்கும்வரை எழுதாதே என்றாய். செய்து முடிக்கவில்லை. உபவாசத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. பத்தாவது ஆள் இந்த ஊரில் இல்லை. நீ இனி எழுத மாட்டாய் என்றும் தெரியும்.

ஒன்பது பேர், தமாரா. என்னையும் சேர்த்து.

உரியேல்