இருவர் கேட்கும் ரேடியோ

அண்ணா,

முழங்கால் வலி, சைக்கிள் பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது?

பயணத்துக்கு ரேடியோ வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும். பென்சில் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இதைவிடச் சின்னது ஒன்று இருந்தது. ஆனால் ஸ்பீக்கர் இல்லை. நாம் இரண்டு பேர் கேட்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

நேற்று மொட்டைமாடியில் சோதித்துப் பார்த்தேன். சைக்கிளில் ஊர் சுற்றுபவர்களைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உன் குரல். ஆபீஸ் நண்பனோடு மலைப்பாதை ஏறி வந்ததாகச் சொன்னாய்.

"வீட்ல வேற யாரும் வரலையாங்க?"

"தம்பி இருக்கான். அவனுக்கு இதுலெல்லாம் ஆர்வமே இல்லைங்க."

துளி இரைச்சல் இல்லை. ரேடியோவைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் கடையில் கொடுத்து அந்தச் சின்னதையே மாற்றி வாங்கிக்கொண்டேன். எனக்கு இயர்போன் போதும். நாளை கிளம்புகிறேன்.

இத்துடன் தைலம் வைத்திருக்கிறேன். முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஆர்வமே இல்லாத தம்பி