வடக்குச் சுவரில் ஒரு புகைக்குழாய்

ஈலி, மின்னசோட்டா
ஜனவரி 18

அன்பு மகள் சென்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் குட்டி ஓட்டோவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே ஒன்பது நாளாக மைனஸ் முப்பதுக்குக் கீழேதான். பக்கத்து வீட்டு உர்ஹோவுக்குச் சமையலறைக் குழாய் உறைந்துவிட்டது, ஊருக்கெல்லாம் குழாய் ரிப்பேர் செய்தவன் தன் வீட்டில் ஹேர் டிரையரும் கையுமாக மண்டியிட்டிருந்தான், நான் சிரித்துவிட்டேன், இரண்டு நாள் காப்பிக்கு வரவில்லை. நம் வீட்டில் உறையாமலிருக்கக் குழாயை நூலாக ஒழுக விட்டிருக்கிறேன். உன் அம்மா இருந்தால் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மூடியிருப்பாள்.

பிப்ரவரியில் குழந்தையோடு வருகிறேன் என்று போனில் சொன்னாய், கடைசியில், "வெந்நீர் நல்லா வருமில்லப்பா, குட்டிக்குத் தினமும் ஊத்தணும்" என்று கேட்டாய். வரும் என்றேன். அது பொய். அம்மா போன நாளிலிருந்து கேஸ் வெந்நீர் ஹீட்டரை நான் ஏற்றவே இல்லை, குளிக்கக் கொல்லையில் விறகு மூட்டும் சவுனா அறை இருக்கிறது, பாத்திரம் கழுவக் கெட்டில் இருக்கிறது, உர்ஹோ கேட்டபோது ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று சமாளித்தேன். உன்னிடம் அப்படிச் சமாளிக்க முடியாது. போனில் சொல்லலாமென்றால் உன் குரலைக் கேட்டதும் ஓட்டோவைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கடும் குளிர் வருமுன் நாம் வீட்டைச் சுற்றி இடுப்புயரத்துக்குப் பனியை அணைத்து வைப்போமே, தரை சில்லிடாது, குழாய் உறையாது, சின்ன வயதில் நீயும் என்னோடு மிதித்து இறுக்கியிருக்கிறாய். "வீட்டுக்குப் போர்வை போத்துற மனுசன், பொண்டாட்டிக்கு ஒரு நாளாவது போத்தி விட்டிருக்கீங்களா" என்று உன் அம்மா கேலி செய்வாள். பழைய ஹீட்டரின் புகை கூரை வழியே போனது. மூன்று கோடைக்கு முன் நான் மாட்டிய புதியதற்குப் புகைக்குழாய் வடக்குச் சுவரில், முழங்கால் உயரத்தில். என் கையால் துளை போட்டு மாட்டியது, சென்யா. முதல் வருடம் பனியே சரியாக விழவில்லை, அணைக்கும் வேலை வரவில்லை. போன ஜனவரியில் மைனஸ் முப்பத்தெட்டு என்று ரேடியோ சொன்னது, மதியம் மண்வாரியை எடுத்து நான்கு பக்கமும் பனியை அணைத்தேன், நாற்பது வருடப் பழக்கத்தில் கை தானாக ஓடியது, அந்தப் புகைக்குழாய் நினைவுக்கே வரவில்லை. பிறகு உர்ஹோ வீட்டுக்குக் காப்பிக்குப் போய்விட்டேன். அன்று அம்மாவுக்குத் துணி துவைக்கும் நாள், ஹீட்டர் ஓயாமல் எரிந்திருக்கிறது, புகை போக வழியில்லாமல் உள்ளேயே திரும்பியிருக்கிறது, அதற்கு மணம்கூடக் கிடையாது. நான்கு மணிக்குத் திரும்பினால் உன் அம்மா, என் லெம்பி, சமையலறை மேசையில் தலை சாய்த்துக் கிடக்கிறாள், வெந்நீர்க் குழாய் திறந்தபடி ஓடுகிறது. கதவு ஜன்னலையெல்லாம் திறந்தேன், ஆம்புலன்சுக்குச் சொன்னேன், அவர்கள் வருமுன் வெளியே ஓடி அந்தப் புகைக்குழாய் வாயை மூடியிருந்த பனியைத் தோண்டி எடுத்துவிட்டேன். ஏன் தோண்டினேன் என்று உனக்கே புரியும். இதயம் பலவீனம் என்றார் டாக்டர், தலையாட்டினேன். "அம்மா கஷ்டப்படாமப் போயிட்டாங்கப்பா" என்று நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய், அதற்கும் தலையாட்டினேன்.

அதிலிருந்து தினமும் நான்கு மணிக்குச் சமையலறைச் சுவருக்குள் வெந்நீர்க் குழாய் டிக் டிக்கென்கிறது, குளிர்ந்த குழாயில் சூடு ஏறும்போது வருமே, அதே சத்தம். ஹீட்டரோ ஜில்லென்று கிடக்கிறது. உர்ஹோ வந்து கேட்டுவிட்டு, "செம்புக் குழாய்க்கும் குளிருக்கு மூட்டு வலிக்கும்டா, உனக்கு மட்டுமா" என்று சிரித்தான், ஆனால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் வேறெங்கும் போக மனம் வருவதில்லை.

நேற்று ஓட்டோவுக்காக ஹீட்டரை ஏற்றினேன். வடக்குப் பக்கத்துப் பனியைத் தரை தெரிய வழித்தேன், விஷப்புகை வந்தால் அலறும் கருவி இரண்டு வாங்கி மாட்டினேன், புகைக்குழாய் வாயிலிருந்து வெள்ளை ஆவி வருவதைப் பார்த்தபடி காது மரத்துப்போகும்வரை அங்கேயே நின்றேன். நான்கு மணிக்கு உள்ளே வந்து குழாயைத் திறந்தேன். கை சுடுமளவு வெந்நீர் வந்தது. சுவர் சத்தமே போடவில்லை. காதை வைத்துக் கேட்டேன், லெம்பி என்று கூப்பிட்டும் பார்த்தேன், தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான். கோபித்துக்கொண்டு போனாளா, மனம் ஆறிப் போனாளா தெரியவில்லை. குழாயை மூடாமல் நின்று அழுதேன்.

நீயும் உன் பிள்ளையும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகு வருவதும் வராததும் உன் விருப்பம், வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். வந்தால் ஒன்று மறக்காதே. வாசலுக்கு வருமுன் குழந்தையைக் காரிலேயே மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, நேரே வடக்குப் பக்கம் போய்ப் புகைக்குழாய் வாயை உன் கண்ணால் பார். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் நம்பாதே.

உன் அப்பா,
வைனோ