புகையில்லாத ஞாயிறு

அக்கா,

நேற்று மாலை தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துச் சந்திலிருந்து கஞ்சா வாடை வந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ கரமனையில் நீ இருந்த மாடி அறை நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போனார்.

சாலை பஜாரில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் "எப்போ கல்யாணம்?" என்று கேட்கிறவர்களிடம் சிரித்து மழுப்புகிறவன் நான். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே இடம் உன் அறை. ஞாயிறு மத்தியானம் நம்மவர்கள் அங்கே கூடுவோம். வீட்டுக்குத் தெரியாத காதல் உள்ளவர்கள், உன்னைப் போலப் பெண்ணாக வாழ வீட்டை விட்டு வந்தவர்கள். வாரமெல்லாம் வெளியே பயந்து பயந்து நடந்தவர்களுக்கு, கஞ்சா பீடி ஒரு சுற்று வந்த பிறகுதான் பேச்சே வரும்.

எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. முதல் இழுப்பிலேயே நெஞ்சு படபடத்து, செத்தேன் என்று நினைத்தேன். ஆனாலும் ஒதுக்கிவிடுவார்களோ என்று வாயில் வைத்து ஊதி நடித்தேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். காட்டிக்கொடுக்காமல் தீப்பெட்டியை என் மடியில் போட்டாய். "இனி இவன் பத்த வச்சுத் தந்தா மதி, அதுவே போதும். இவன் இல்லாம இங்க ஒண்ணும் புகையாது, கேட்டியா?" அன்றிலிருந்து எனக்குத் தீப்பெட்டிக்காரன் என்று பெயர்.

உனக்கும் அதே பயம் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. நுரையீரல் கெட்டு, புகையே அண்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நீ நோயைப் பற்றிப் பேசவே இல்லை. "இனி ஞாயித்துக்கிழமை யாருடா வருவா? எல்லாம் அதுக்குத்தானே வந்ததுங்க," என்றாய். இனி புகை கிடையாது, ஆனாலும் வாங்க என்று நான் எல்லாருக்கும் போன் போட்டேன். அந்த ஞாயிறு, யாரும் வராததைப் பார்க்க வேண்டாமென்று நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டாய்.

வந்தார்கள் அக்கா. ஒருத்தி மட்டும் புகையில்லாமல் இருப்புக் கொள்ளவில்லை என்று சீக்கிரம் கிளம்பினாள். மற்றவர்கள் கப்பக்கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு, உன் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து, விளக்கு வைக்கிற நேரம் வரை வம்பளந்தார்கள். நீ எழுந்து முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாய். "அப்போ என்னைக் காணத்தான் வந்திருக்குதுங்க போல," என்று என் காதில் சொன்னாய். அதை நீ நம்ப முடியாமல்தான் சொன்னாய். அதன் பிறகு நீ போகும்வரை எந்த ஞாயிறும் அந்த அறை காலியாக இருந்ததில்லை.

நீ இல்லாதது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் உனக்காகவே வந்தவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனாய் என்பதில் எனக்கு நிறைவு. முன்பெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும், என்ன வேலை செய்து கொடுத்தால் இருக்க விடுவார்கள் என்று வாசலில் நின்றே தேடுவேன். இப்போது தேடுவதில்லை. என்னைக் காணத்தானே கூப்பிட்டார்கள் என்று நேரே உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.