நம் இருவருக்கும் ஒரே மைக்

அண்ணி,

இன்று காலை மைக்கின் கம்பி வலைமூடியைக் கழற்றித் துடைத்தேன். கிராம்பு வாசனை இன்னும் இருக்கிறது. பாடுவதற்கு முன் நீங்கள் எப்போதும் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வீர்களே, அந்த வாசனை. நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகும் அது போகவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அதை வாங்கத் திருப்பதிக்குப் போனோமே! நகரியில் நம் வீட்டிலேயே பாடிப் பதிவு செய்யவேண்டும், வளைகாப்பு வீடுகளில் மேடையிலும் பாடவேண்டும். கடைக்காரர் இரண்டு மைக்குகளை எடுத்து வைத்தார். "ரெக்கார்டிங்குக்கு இது, ஸ்டேஜுக்கு அது. ரெண்டும் தீஸுகோண்டிம்மா," என்று இரண்டையுமே வாங்கச் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு போதும்ங்க. எது ரெண்டுக்கும் ஆவும், அத்தக் குடுங்க," என்றீர்கள்.

முதல் மைக்கில் பாடிவிட்டுக் கேட்டேன். என் குரல் இவ்வளவு அழகா என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் தெருவில் போன பஸ்ஸின் ஹாரனும் கடைக்காரர் டீ உறிஞ்சியதும் சேர்ந்தே பதிவாகியிருந்தன.

"நம்ம வூட்டாண்ட நாளெல்லாம் விசைத்தறி ஓடிக்கினு கீது. இதுல உன் பாட்டு கேக்குமா, தறி கேக்குமா?" என்று நீங்கள் சிரித்தீர்கள்.

இரண்டாவது, கையில் பிடித்துப் பாடுவது. அதன் பின்னால் நின்று நீங்கள் வளையலைக் குலுக்கியது பாதிகூட விழவில்லை. என் குரலும் விழவில்லை. சிறு வயதிலிருந்தே மெல்லிய குரல். முகம் சுருங்கிப்போய், "நீங்க மட்டும் பாடுங்க அண்ணி. நான் வரல," என்றேன். நிஜமாகவே அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

"இன்னும் கிட்ட வெச்சிப் பாடுங்கம்மா," என்றார் கடைக்காரர். நீங்கள் அதை என் உதட்டிலேயே ஒட்டிவைத்தீர்கள். "கத்தாத. என்னாண்ட பேசற மாதிரி பாடு." குரல் கனமாக, இதமாக வந்தது. உங்கள் கணீர்க் குரலுக்கோ மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது. அதையே வாங்கினோம்.

பிச்சாட்டூர் வளைகாப்பில் கை மாற்றிக் கை மாற்றிப் பாடினோம். நடுவில் எனக்கு அடி மறந்தது. நீங்கள் மைக்கிலேயே கலகலவென்று சிரித்துவிட்டீர்கள். பந்தலே சிரித்தது, வளைகாப்புப் பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பெயரை வைத்து நீங்கள் ஒரு அடி கட்டிப் பாடி, "மிச்சத்த நீ சொல்லு," என்று மைக்கை நீட்டினீர்கள். 'பொறக்கும்போதே மைக் கேட்கும் புள்ள வருதம்மா' என்று என்னமோ பாடினேன். அதற்குத்தான் அன்று பெரிய கைதட்டல்.

வீட்டுப் பதிவுகளை இப்போதும் கேட்கிறேன். நாம் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் தறி மெல்லத் தடக் தடக் என்கிறது. "தாளம் ஓசியில கெடச்சிது பாரு!" என்பீர்கள்.

முன்பெல்லாம் யார் பாடக் கூப்பிட்டாலும், "அண்ணிய கேளுங்க," என்று ஒதுங்கிவிடுவேன். நேற்று காணிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். வளைகாப்புக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டார்.

"நான் ஒருத்திதாம்மா," என்றேன். "ஆனா பந்தல் முழுக்கக் கேக்கும்."