பெட்ரோல் முள்

மண்ணூர், 12-8-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், அம்மாவுக்குக்கூட. எல்லாரும் தூங்கியபின் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் இருமல் குறைந்ததா?

லாசர் மாமாவின் பழைய காரில் பெட்ரோல் முள் எப்போதும் காலி என்றே காட்டுகிறது. கோளாறு மீட்டரிலா டேங்கிலா என்று பார்க்க, டேங்க் ஒயரைக் கழற்றி என்னிடம் கொடுத்து, வண்டியின் இரும்பில் தொடச் சொன்னார். முள்ளைப் பார்த்துச் சொல்லத் தன் மகள் ரோஸியை முன்சீட்டில் உட்காரவைத்தார். தொட்டேன்.

"முள்ளு ஏறுது நைனா!"

"அப்போ மீட்டர் நல்லாத்தான் கீது. என் ராசாத்தி கண்டுபுடிச்சிட்டா!"

மாமா வீட்டுக்கு வந்த ஏழு மாதத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மறுபடி பார்க்கலாம் என்றார். இந்த முறை நான் தொடாமலே, "தொட்டுட்டேன் மாமா" என்றேன். முள் அசையவில்லை என்றாள் ரோஸி. "அப்போ மொதல்ல பொய்யா சொன்ன?" என்று அவளை அறைந்துவிட்டார். சம்பளம் வந்ததும் புது மீட்டர் வாங்கப் போகிறாராம்.

மீட்டர் நல்லாத்தான் இருக்கிறது, டேங்குக்குள் முள்ளை ஏற்றி இறக்கும் மிதவையைப் பார்க்கச் சொல்லி மாமாவுக்கு நீங்களே எழுதுங்கள் அப்பா. என் பெயர் வேண்டாம். முடிந்தால் என்னை வந்து கூட்டிப்போங்கள்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ரோஸிதான். "இன்னா பண்ற உள்ள? கன்னம் எரியுதுடி, கொஞ்சம் எண்ணெ தடவி வுடு" என்கிறாள். அப்பா, நான்