அந்த நாய் என்ன நிறம்

திருத்தணி
டிசம்பர் 27

என் அன்பு மகள் டெபோராவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாயிருக்கிறோம். கனடாவின் குளிரில் நீயும் சுகமாயிருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் நான் ஏன் அதிகம் பேசவில்லை என்று அம்மாவிடம் கேட்டாயாம். பேசியிருந்தால், நீ எதையும் யோசிப்பதற்கு முன்பே என் குரல் தீர்ப்புச் சொல்லியிருக்கும். ஆகவே எழுதுகிறேன். அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அதிரசத்தைக் கண்டால் மட்டும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. முருகன் மலைக்கோயில் படித்திருவிழாவுக்காகப் பேருந்துகளை இப்போதே சுற்றுவழியில் விடத் தொடங்கிவிட்டார்கள். ஆராதனையில் நீ வாசித்துவந்த கீபோர்டை இப்போது நம் சபைப் பெண் பெபி வாசிக்கிறாள். அவள் முன்னே போகிறாள், சபையார் நாங்கள் பாட்டோடு பின்னால் ஓடுகிறோம்.

இனி எழுத வந்த விஷயம். உன் சித்தப்பா கிங்ஸ்லி கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்தான். குடித்துவிட்டு வண்டியோட்டி, பள்ளிப்பட்டுச் சாலையில் பின் இருக்கையிலிருந்த உன்னைத் தூக்கியெறிந்து, உன் இடது முழங்கையை நிரந்தரமாக மடக்கி வைத்தவன், குறுக்கே நாய் வந்தது என்று எல்லாரிடமும் சொன்னான். அன்றிலிருந்து நான் அவனோடு பேசியதில்லை என்பதை நீ அறிவாய். இப்போது ஆர்.கே.பேட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறான். ஆராதனையில் சாட்சி சொல்ல விரும்புகிறான் என்று போதகர் முன்கூட்டியே என் சம்மதம் கேட்டார். தாராளமாகச் சொல்லட்டும் என்றேன். அது பெருந்தன்மை அல்ல. வேதியியல் கற்பித்தே பழகியவன் நான்; ஒரு பொருள் உண்மையாகவே மாறியிருக்கிறதா, அல்லது நிறம் மட்டும் மாறியிருக்கிறதா என்று பார்க்க விரும்பினேன்.

அவன் சொன்ன சாட்சி இது: போன கிறிஸ்துமஸுக்குத் தறிக்கூடத்தில் புட்டியோடு கிடந்தானாம். கீதம் பாடி வந்தவர்கள் வீடு மாறி அந்தக் கூடத்து வாசலில் நின்று பாடிவிட்டு, வழக்கப்படி ஜெபிப்பதற்காக வீட்டுக்காரர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். “எம் பேரை ஆண்டவர்கிட்ட சொல்றதுக்கே எனக்குக் கூச்சமா இருந்துச்சுங்க. அப்பால சொன்னேன். அவங்க கிங்ஸ்லின்னு சொல்லி ஜெபிச்சாங்க, நான் அழுதுகினே இருந்தேன். அன்னையிலேர்ந்து தொடலை. குணமாயிட்டேன். ஒரு விபத்துலயும் அவருதான் என்னைக் காப்பாத்தனாரு” என்றான். சபை ஸ்தோத்திரம் சொன்னது. நான் சொல்லவில்லை. விபத்தாம், காப்பாற்றப்பட்டது அவனாம். உன் பெயர் அந்தச் சாட்சியில் ஓரிடத்திலும் வரவில்லை. உன் அம்மா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் ஆலய முற்றத்தில் கேக் தின்றுகொண்டிருந்தோம். நம் அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் துளசிங்கம், “மேல முருகங்கிட்ட சொல்லிட்டுதான் சார் கேக்குக்கு வந்தேன்” என்று வழக்கம்போல் வந்து நின்றவர், “இன்னா சார், உன் தம்பி குணமாயிட்டேன்றாரே, உடம்பு குணமாச்சா, ஆளோட குணமே மாறிடுச்சா?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் நோய் நீங்குவதற்கும் மனிதனின் இயல்புக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பது இத்தனை வயதில் அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோதித்தே பார்த்துவிடுவது என்று கிங்ஸ்லியிடம் நடந்து போனேன். இத்தனை காலத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான்: “அந்த நாய் என்ன நிறம்?”

அவன் கையிலிருந்த கேக்கைக் காகிதத்தில் மடித்துவிட்டு, “நாயே இல்லண்ணா. நாந்தான்” என்றான். துளசிங்கத்துக்கு அது ‘நாந்தான் நாய்’ என்று கேட்டிருக்க வேண்டும், ஒரு சிரிப்பு வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. கிங்ஸ்லி சிரிக்கவில்லை. அப்படியானால் உள்ளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உள்ள சொல்லியிருந்தா அதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாங்கண்ணா. டெபோரா பாப்பாகிட்ட சொல்லாம ஊருக்குச் சொல்லி நான் நல்லவனாகறதா? நீங்க கேட்டீங்க, அதனால சொன்னேன். அவகிட்ட ஒருவாட்டி சொல்ல விடுங்க” என்றான். அதற்கு உன் அம்மாதான் சொன்னாள்: “எம்பொண்ணு கேக்கணும்னா கேப்பா. நீ ஒண்ணும் அவசரப்படாதே.” ஆங் அண்ணி என்று சொல்லிவிட்டு, பேருந்துக்குப் போய்விட்டான்.

உன் எண்ணை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை; அவன் எண்ணை இதனுடன் தனித் துண்டில் வைத்திருக்கிறேன். நீ பேசலாம், கிழித்துப் போடலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். எதுவானாலும் உன் பதிலை நானே நேரில் போய் அவனிடம் சொல்வேன். கிறிஸ்தவனின் மகள் என்பதற்காக நீ மன்னித்தே ஆகவேண்டும் என்று எவராவது சொன்னால், அவரை என்னிடம் அனுப்பு. என் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் முன்பெல்லாம் அவன் வாயைத் திறக்கும் முன்பே என்ன பொய் வரும் என்று எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. அது என்ன மாற்றம், எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் போக்கிலும் வரத்திலும் கர்த்தர் துணையிருப்பாராக. அம்மாவின் முத்தங்கள். ஒன்றை மட்டும் மறவாதே: தீர்மானிப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்காதே. தீர்மானித்த பின் கூப்பிடு.

உன் அப்பா,
வில்சன்