கட்டிப் போட்ட குதிரைக்கு ஒரு பொட்டு

காலையில் பதிவறைக் கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை. மறுபடி வெள்ளையடிக்கிறார்கள். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் பத்து மணிக்கே அலுத்துவிடுகிறது.

கதவுக்கு மேலே வெள்ளைக்காரன் காலத்தில் வரைந்த அரச சின்னம் இருந்ததே, அதே சுவர்தான். நடுவில் கேடயம், ஒரு பக்கம் கிரீடம் வைத்த சிங்கம், மறுபக்கம் ஒற்றைக் கொம்புக் குதிரை. ஆயுத பூஜையன்று டைப்ரைட்டர், பீரோ எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்ததும், இங்கே என்னோடு வேலை பார்த்த நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுவாய். சுவரில் ஒட்ட வேண்டுமென்று குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்திருப்பாய்.

“அது அம்மன் வாகனமில்லடி. இங்கிலாந்து ராஜாவோட சிங்கம்” என்றேன், முதல் வருடம்.

“இருக்கட்டும். இம்புட்டு வருசமா நம்ம ஊரு தூசியத்தான தின்னுக்கிட்டு நிக்குது?”

சிங்கத்துக்குச் சின்னதாக வைத்தாய். குதிரைக்குத்தான் பெரிய பொட்டு.

“நல்லாப் பாரு. சிங்கம் சும்மா நிக்குது. இதத்தான் சங்கிலி போட்டுக் கட்டியிருக்காய்ங்க, நம்மள மாதிரி.”

எத்தனையோ படித்தவள் நான். அந்தச் சங்கிலியை அதுவரை கவனித்ததில்லை.

சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று, அவனியாபுரம் ஷேர் ஆட்டோவுக்குப் போனவள் பாதியில் திரும்பி வந்தாய். “இத அழிக்கக் கூடாதுன்னு ஒரு மனு எழுதுடி. எனக்கு அம்புட்டு எழுத வராது.” நாளைக்கு என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில், குரல் எழும்பாமல் நீ கேட்டது ஒன்றுதான்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

சிரித்தாய்.

உன் பதினாறாம் நாளுக்குள் சுவர் வெள்ளையாகிவிட்டது. குதிரையின் நெற்றி இருந்த இடத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கறை ஊறி வந்தது. “எண்ணெய்ப் பசை அக்கா, சுண்ணாம்பு புடிக்காது” என்று சலித்துக்கொண்டே வெள்ளையடிப்பவர் மூன்று முறை பூசினார். கறை மங்கியதே தவிர, போகவில்லை. ஒவ்வொரு பூஜைக்கும் அதன் மேலேயே பொட்டு வைத்து வருகிறேன். “என்னம்மா, சுவத்துக்குத் திருஷ்டியா?” என்று போன வருடம் பியூன் அண்ணன் கேலி செய்தார்.

இன்றைய பூச்சில் அந்தக் கறையும் மறைந்துவிட்டது. பரவாயில்லை, ஸ்டூலில் ஏறினால் நெற்றி எங்கே என்று என் கைக்குத் தெரியும்.

நான் எழுதவில்லை. உன்னிடம் சொன்னது பொய்.

பூஜைக்கு இன்னும் நான்கு நாள். இந்த முறை எண்ணெயைக் கொஞ்சம் கூடவே விட்டுக் குழைப்பேன்.